மூன்று நாளில் பால் மறக்கடிக்கிறதாம்!
"வேப்பெண்ணெயைப் பூசு. இல்லாட்டி பிள்ளையை மூன்று நாள் உம்மம்மா வீட்டில விடு." பால் மறக்கடிக்க நம்மட ஊரில் நாம் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். அங்கே பிள்ளை அழுது களைத்துத் தூங்கும். இங்கே தாய் பால் கட்டி, காய்ச்சலோடு கிடப்பாள்.

பகலில் ஒரு நேரப் பாலை நிறுத்திச் சோறோ பழமோ கொடுங்கள். சில நாள் கழித்து அடுத்த நேரம். இரவுப் பால் கடைசியில். உடம்பும் அதற்கேற்பப் பாலைக் குறைத்துக்கொள்ளும்.

இரண்டு வருடக் கணக்கை எல்லோரும் சொல்கிறோம். அதற்கு முன் நிறுத்துவதானால் தாயும் தகப்பனும் கலந்து பேசி, இருவரும் பொருந்த வேண்டும் என்று அதே பகரா 233ஆம் வசனத்தில் இருப்பதை ஏன் விழுங்கிவிடுகிறோம்? மாமி முடிவெடுக்கிறா, மச்சாள் எண்ணெய் கொண்டு வாறா. வாப்பா எங்கே? ராவையில் எழும்பி அழும் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்ட அவருக்கும் கை இருக்குத்தானே!