முதல்ல பேங்க், அப்புறம்தான் வீடு

நம்ம ஊர்ப் பக்கம் வீடு வாங்குற வரிசையே தலைகீழா இருக்குங்க. பெரம்பலூரோ அரியலூரோ, முதல்ல வீட்டைப் பார்க்குறது, புரோக்கர் பேச்சுல மயங்கி அட்வான்ஸ் கொடுக்குறது, மூணு மாசக் கெடு வச்சு அக்ரிமெண்ட் போடுறது. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பேங்க்ல போய் நின்னு "சார், எனக்கு எவ்ளோ லோன் கிடைக்கும்?"னு கேக்குறது. இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டா என்ன?

அமெரிக்காவுல இருக்குற நம்மாளுங்களைக் கேட்டுப் பாருங்க. லோன் முன் அனுமதிக் கடிதம் இல்லாம போனா அங்க பல ஏஜெண்டுங்க வீட்டைக் காட்டவே யோசிப்பாங்க. இங்கயும் 'இன்-பிரின்சிபிள் சாங்ஷன்'னு அதே சங்கதி இருக்கு. வருமானம், பேங்க் ஸ்டேட்மெண்ட், சிபில் ஸ்கோர் எல்லாம் பார்த்துட்டு இவ்ளோ தரலாம்னு சொல்லிடுவாங்க. சில மாசம் வரைக்கும் அது செல்லும். ஆனா கேட்டா, "வீடே பார்க்கல, அதுக்குள்ள லோனா?"ன்னு சொந்தக்காரங்களே சிரிப்பாங்க.

சிரிக்கிற விஷயமில்லங்க. பெரம்பலூர்ல காலேஜுக்குக் குறைச்சலே இல்ல. பையன் கல்விக்கடன் வாங்கும்போது அப்பாவும் சேர்ந்து கையெழுத்து போட்டிருப்பார். படிச்சு முடிச்சு வேலை கிடைக்காம பையன் தவணையை விட்டா அது அப்பாவோட சிபில்லயும் ஏறும். நண்பனுக்கு ஜாமீன் போட்டதும் அப்படித்தான். எனக்குத் தெரிஞ்ச அரியலூர்க்காரர் ஒருத்தருக்கு ரெண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் இது தெரிஞ்சது. கெடு தாண்டினா அட்வான்ஸ் திரும்பாதுன்னு அக்ரிமெண்ட்ல எழுதியிருக்கு. ஆள் வச்சுப் பேசி பாதிதான் வந்தது. இத்தனைக்கும் 2017லருந்து சிபில் மாதிரி நிறுவனங்க ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை இலவசமாவே தரணும்.

சரி, கணக்குக்கு வருவோம். 30 லட்சம் வரைக்குமான கடனுக்கு வீட்டு மதிப்புல அதிகபட்சம் 90 சதவீதம் தரலாம்னு ரிசர்வ் வங்கி விதி. 25 லட்ச ரூபா வீடுன்னா 22.5 லட்சம். மீதி 2.5 லட்சம் போதும்னுதான் நம்மாளு நினைப்பான். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அது ஒரு 2.25 லட்சம். இதை வீட்டு மதிப்புல சேர்க்க மாட்டாங்க (10 லட்சத்துக்குள்ள இருக்குற வீட்டுக்கு மட்டும் சலுகை உண்டு). ஆக கையில 4.75 லட்சம் வேணும். தவணை? 8.5 சதவீதம், 20 வருஷம்னு வச்சா மாசம் 19,500 ரூபா சுமாருக்கு.

இதுல இன்னொரு கூத்து, பத்திரத்துல விலையைக் குறைச்சுப் போடுறது. விற்கிறவர் 25 கேப்பார், பத்திரம் 14க்குத்தான் போடுவேன்பார். பேங்க் 14க்குத்தான் கணக்கு பார்க்கும். மீதிக்கு எங்க போறது, கந்து வட்டிக்கா?

"நான் மக்காச்சோளம் போடுறவன், எனக்கு ஏது சம்பள சீட்டு?"ன்னு கேப்பாங்க. லாரி ஓட்டுறவர், கொத்தனார் எல்லாருக்கும் இதே கதைதான். என் கட்சி, இவங்கதான் முதல்ல பேங்குக்குப் போகணும். அவங்களுக்கு எந்தக் காகிதம் இல்லன்னு தெரிஞ்சாத்தானே ரெண்டு வருஷம் வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ணிட்டு வீடு தேட முடியும்? சிமெண்ட் ஆலைகளைச் சுத்தி வச்சிருக்குற ஊர்ல வீடு கட்டத் தடையா நிக்கிறது காகிதம்!

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கணும். முன் அனுமதி உங்களுக்குத்தான், வீட்டுக்கு இல்ல. மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா, மனைக்கு டி.டி.சி.பி. அனுமதி எல்லாம் பேங்க் வக்கீல் அப்புறமாத்தான் பார்ப்பார். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாதுன்னு 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டப்பவே எத்தனை பேர் முழிச்சாங்க! அதனால அட்வான்ஸ் கொடுக்குறப்ப, "பத்திரக் குறையால பேங்க் கடன் மறுத்தா அட்வான்ஸ் முழுசும் திருப்பித் தரணும்"னு அக்ரிமெண்ட்ல ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. விற்கிறவர் அந்த வரிக்கு முகம் சுளிச்சார்னா, மூலப்பத்திரத்தை ஒரு வக்கீல்கிட்ட காட்டுற வரைக்கும் பையிலருந்து பணத்தை எடுக்காதீங்க.