கைக்கடிகாரம் முதலீடு இல்லீங்க சாமி!

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பழைய வாட்ச் என்றால் பைத்தியம். கையில் இப்போது நாலு இருக்கின்றன. நாலையும் சேர்த்து விற்றாலும் ஒரு சுமாரான செல்போன் வாங்க முடியாது. அதனால் இதைப் படித்துவிட்டு "வாட்ச் சேர்க்கிறதே வேஸ்ட்னு சொல்றான்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் சண்டை வாட்ச்சோடு இல்லை. "இது ஹாபி இல்ல மச்சி, இன்வெஸ்ட்மென்ட்" என்று ஒரு வசனம் சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதோடுதான்.

எங்கள் கிளாஸிலேயே ஆறேழு பேர் இதைச் சொல்லித் திரிகிறார்கள். மூன்று வருடம் பி.காம். படித்தவர்கள் சொல்கிறார்கள் என்பதுதான் கொடுமை. அக்கவுன்டன்ஸி முதல் வருடத்தில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை, வரப்போகிற லாபத்தைக் கைக்கு வரும்வரை கணக்கில் காட்டாதே. இவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆன்லைனில் யாரோ கேட்கிற விலையைப் பார்த்துவிட்டு, தன் வாட்ச்சும் அந்த விலை என்று மனசுக்குள் வரவு வைத்துக்கொள்கிறார்கள். கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு என்பது கூடவா மறந்துபோகும்?

சரி, கணக்கே போட்டுப் பார்ப்போம். 5,000 ரூபாய்க்கு ஒரு பழைய ஆட்டோமேட்டிக் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடத்தில் விலை இரண்டு மடங்காகி 10,000 ஆகிவிட்டது. வருடத்துக்கு ஏறக்குறைய 7.2 சதவீதம். சூப்பர் என்கிறீர்களா? பொறுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கை அசைய அசைய உள்ளே ஒரு அரைவட்டத் தகடு சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கிவிடும். அதனால்தான் அதற்குச் சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரி வேண்டாம். ஆனால் எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெய் நீங்கள் கட்டினாலும் காயும், பீரோவில் வைத்தாலும் காயும். பத்து வருடத்தில் இரண்டு தடவையாவது பிரித்துக் கழுவி எண்ணெய் போடவேண்டும். தடவைக்கு 1,500 என்றால் 3,000 போச்சு. விற்கும்போது கமிஷன், கூரியர் என்று ஒரு 1,000. மிச்சம் 6,000. ஆக 5,000 ரூபாய் பத்து வருடத்தில் 6,000 ஆகியிருக்கிறது. வருடத்துக்கு 1.8 சதவீதம்! போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்கே 4 சதவீதம் தருகிறது. இத்தனைக்கும் இது விலை இரட்டிப்பாகும் என்று நாமே தாராளமாக எழுதிய கணக்கு.

இன்னொரு வேடிக்கை. நம் வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்து எது என்று சொல்லும் இடத்தில், சொந்த உபயோகத்துக்கான அசையும் பொருட்களை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். நகை, ஓவியம், சிற்பம் மாதிரி சிலவற்றை மட்டும் உள்ளே இழுத்திருக்கிறார்கள். கல் பதித்த நகை வாட்ச் கதை வேறு. நீங்களும் நானும் கட்டுகிற சாதா வாட்ச்சை வரிக்காரரே வேட்டி சட்டை பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்.

உடனே ரோலக்ஸ் கதையோடு வருவார்கள். நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. உண்மைதான். ஆனால் அது பால் நியூமன் கட்டியது ஐயா! லாட்டரியில் ஜெயித்தவன் போட்டோவை மட்டும் காட்டிச் சீட்டு விற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தோற்றவன் போட்டோவை எந்தக் கடையில் மாட்டுகிறார்கள்? அந்த ரோலக்ஸ், படேக் பிலிப் சந்தையே 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போய், அப்புறம் இரண்டு வருடம் சரிந்தது. உச்சியில் வாங்கியவர்கள் யாரும் வீடியோ போடவில்லை.

பணம் போனால் போகட்டும், சம்பாதித்துக்கொள்ளலாம். எனக்கு உண்மையில் வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். இந்த முதலீட்டுப் பேச்சு பழைய வாட்ச்சுகளையே அழிக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். முதலீடு என்று வாங்குகிறவனுக்கு வாட்ச்சைப் பற்றித் தெரிய வேண்டாம், பளபளப்பு போதும். ஆகவே சந்தை பளபளப்பைத் தயாரிக்கிறது. பழைய டயலைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, பெயரைத் திரும்ப அச்சடித்து, மூன்று வாட்ச்சின் பாகங்களை ஒரே கூட்டில் அடைத்து 'வின்டேஜ்' என்று விற்கிறார்கள். உலகம் முழுக்க வாட்ச் சேர்ப்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. நம் ஊர்ப் பெயர் இப்படித்தான் பரவியிருக்கிறது! சீக்கோ 5, பேவர் லூபா, எச்.எம்.டி. எதுவும் தப்பவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு அசல் டயல் குப்பைக்குப் போகிறது. அது திரும்ப வராது.

ஏனென்றால் எச்.எம்.டி. இனிமேல் பழையபடி தயாராகப் போவதில்லை. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. ஜனதா, பைலட், கோஹினூர், காஞ்சன் என்று நம் தாத்தா, அப்பா மணிக்கட்டில் எல்லாம் ஏறி உட்கார்ந்தது. பேட்டரி வாட்ச் வந்தது, பக்கத்திலேயே ஓசூரில் டைட்டன் வந்தது, இது தேய்ந்தது. எச்.எம்.டி. வாட்ச்சஸ் கம்பெனியை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவைக் குழு முடிவெடுத்தது. அதற்குப் பிறகு எச்.எம்.டி. பெயரில் கடிகாரம் விற்பனைக்கு வராமல் இல்லை. ஆனால் அன்றைக்குச் செய்த காஞ்சன் எத்தனை மிச்சமோ அத்தனைதான்.

அந்த மிச்சத்தில் ஒன்று என் நண்பனிடம் இருந்தது. (பேர் சொல்லமாட்டேன், இதைப் படிப்பான்.) அவன் அப்பாவுக்குக் கல்யாணத்தில் போட்ட வாட்ச். அப்பா இப்போது இல்லை. டயல் ஓரத்தில் தண்ணீர் இறங்கிப் பழுப்பேறியிருந்தது, கண்ணாடி முழுக்கக் கீறல், ஆனால் ஓடியது. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டான். "டயல மாத்திடு மச்சி, மூணு மடங்கு போகும்" என்று ஒருவன் சொல்ல, பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

எனக்குத் தெரிந்த வாட்ச் ரிப்பேர் பாய் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடமாக ஒரே இடத்தில் கடை. அவரிடம்தான் முதலில் கூட்டிப்போனேன்.

"பாய், டயல மட்டும் புதுசு மாதிரி பண்ணிக் கொடுக்க முடியுமா?"

கண்ணில் லென்ஸை மாட்டி ரொம்ப நேரம் பார்த்தார். "மெஷின் நல்லா இருக்கு தம்பி. ஆயில் போட்டுக் கண்ணாடி மாத்தித் தரேன். டயல்ல கை வைக்க மாட்டேன். உங்க அப்பா பார்த்த மொகம் இது."

நண்பன் கேட்கவில்லை. வேறொரு இடத்தில் கொடுத்தான். இரண்டு வாரத்தில் மயில் கழுத்து நீலத்தில் டயல் பளபளவென்று வந்தது. எழுத்து கொஞ்சம் கோணல். பழைய டயல் எங்கே என்று கேட்டால், அதன் மேலேயேதான் பெயின்ட் அடித்தோம் என்றார்கள். விற்கப் போனால், விஷயம் தெரிந்தவர்கள் ரீடயல் என்று ஒதுக்கினார்கள், தெரியாதவர்கள் பேரம் பேசினார்கள். மூணு மடங்கு என்று சொன்னவன் ஒரு மடங்குக்குக் கூட வாங்க வரவில்லை. இப்போது நண்பன் அதை விற்கவும் இல்லை, கட்டவும் இல்லை. அவன் அம்மா ஒருநாள் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது யாருதுடா?" என்று கேட்டார்களாம்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான வாதம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். "விலை ஏறினால்தானே பழைய இரும்புக்குப் போடாமல் பத்திரமாக வைப்பார்கள்?" என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெரிய இடத்தில் என்ன நடந்தது பாருங்கள். 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் ஒரு பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்குப் போனது. ஒமேகாவே தன் அருங்காட்சியகத்துக்காக வாங்கியது. 2023-ல் பார்த்தால் அது பல பாகங்களை ஒட்டவைத்த வாட்ச். இதில் தன் முன்னாள் ஊழியர்களுக்கே பங்கு உண்டு என்று ஒமேகாவே சொன்னது. செய்த கம்பெனியே ஏமாறும் அளவுக்கு விலை ஒரு வேலை செய்திருக்கிறது. விலை ஏறியதும் காப்பாற்றப்பட்டது வாட்ச் இல்லை, டயலில் இருக்கும் பெயர் மட்டும்தான்.

வாட்ச்சைக் காப்பாற்றுவது இரண்டு பேர். கட்டுகிறவன் ஒருவன், ரிப்பேர் செய்கிறவர் ஒருவர். லாக்கரில் தூங்கும் வாட்ச்சுக்கு ரிப்பேர் கிடையாது, பாய்க்கு வேலை கிடையாது. அவர் பையன் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. அவரும் கடையைச் சாத்திவிட்டால் உங்கள் முதலீட்டுக்கு யார் எண்ணெய் போடுவார்கள்? எக்ஸெல் ஷீட்டா?

அதனால் வாட்ச் ஆசை உள்ள மக்களுக்கு என் சின்ன யோசனைகள்:

திரும்ப வராவிட்டால் வருத்தப்படாத காசில் வாங்குங்கள். மெஸ் பில் காசிலும் இ.எம்.ஐ.யிலும் வேண்டாம்.

பின்மூடியைத் திறந்து மெஷின் போட்டோ கேளுங்கள். தரமாட்டேன் என்றால் நடையைக் கட்டுங்கள்.

பழைய சீக்கோ என்றால் டயலின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். ரீடயலில் அது பெரும்பாலும் காணாமல் போயிருக்கும் அல்லது கொழகொழவென்று இருக்கும். பின்மூடியில் உள்ள சீரியல் எண்ணின் முதல் இலக்கம் செய்த வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். சொல்கிற கதையோடு பொருந்துகிறதா பாருங்கள்.

சர்வீஸ் காசையும் சேர்த்துத்தான் விலை. அதை முதல் நாளே எடுத்து வையுங்கள்.

வீட்டில் தாத்தா வாட்ச், அப்பா வாட்ச் இருந்தால் மெஷினுக்கு எண்ணெய் போடுங்கள், கண்ணாடி மாற்றுங்கள். டயலை மட்டும் தொடாதீர்கள்.

லாபம் வேண்டும் என்றால் தாராளமாக மியூச்சுவல் ஃபண்டுக்குப் போங்கள், நஷ்டம் வந்தாலும் அங்கே யாருடைய அப்பா வாட்ச்சும் அழியாது. வாட்ச் வேண்டும் என்றால் வாங்கிக் கையில் கட்டுங்கள்.

பி.கு: நண்பா, இதைப் படித்தால் கோபப்படாதே. அந்த நீல டயலோடேயே கட்டு. உள்ளே ஓடுகிற மெஷின் இன்னும் உன் அப்பாவுடையதுதான். பாயிடம் கேட்டுவிட்டேன், ஆயில் போட்டுத் தருகிறாராம்.