குமிழிக்கு ஒரு விளக்கு

எழுதுகோல், தட்டச்சுப் பொறி, பழைய அச்சு எந்திரம் ஆகியவற்றைப் பற்றி இலக்கியப் பக்கங்களில் எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. அவை நம் தொழிலின் கருவிகள் என்பதால் அவற்றின்மீது நமக்கு இயல்பாகவே ஒரு பற்று உண்டு. நாம் குடியிருக்கும் வீட்டை எழுப்பிய கருவிகளைப் பற்றி அதே அக்கறையுடன் எழுதியவர்கள் குறைவு. அத்தகைய கருவி ஒன்றையும், அண்மைக் காலத்தில் அதற்குள் புகுந்திருக்கும் ஒரு சிறு விளக்கையும் பற்றி இங்கே பேச விரும்புகிறோம். பொருள் சிறியதுதான், அது எழுப்பும் கேள்வி அவ்வளவு சிறியதன்று என்பது எங்கள் எண்ணம்.

கருவியின் பெயர் ரசமட்டம். கொத்தனார், தச்சர், குழாய் வேலை செய்பவர், மின்வேலை செய்பவர் என எல்லோரிடமும் இருப்பது. ஒரு நீண்ட சட்டம், அதில் பதித்த சிறு குப்பி, குப்பிக்குள் திரவம், திரவத்தில் ஒரு காற்றுக்குமிழி. குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவில் நின்றால் சட்டம் தொட்டிருக்கும் பரப்பு மட்டமாக இருக்கிறது என்று பொருள். குப்பி நேரானது போலத் தோன்றினாலும் அதன் மேற்புறத்தில் மிக மெல்லிய வளைவு உண்டு. அவ்வளைவின் உச்சியைத் தேடியே குமிழி நகர்கிறது. வளைவு எவ்வளவு மென்மையோ அவ்வளவுக்குக் கருவி நுட்பமானது. தரமான ரசமட்டங்களுக்கு மீட்டருக்கு 0.5 மில்லிமீட்டர் என்ற அளவில் துல்லியம் குறிக்கப்படுகிறது. கோணத்தில் சொன்னால் அது ஏறத்தாழ 0.029 பாகை.

ரசம் என்ற சொல் பாதரசத்தை நினைவூட்டினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஆல்கஹால்தான். ஆங்கிலேயர் இக்கருவிக்கு வைத்த பெயரில் சாராயம் வெளிப்படையாகவே இருக்கிறது. தண்ணீர் குளிரில் உறைந்துவிடும். எத்தில் ஆல்கஹால் உறைவதற்குச் சுழியத்துக்குக் கீழே 114 பாகை செல்சியஸ் வேண்டும். பரப்பு இழுவிசையும் தண்ணீரைவிடக் குறைவு என்பதால் குமிழி குப்பியின் சுவரில் ஒட்டித் தயங்காமல் நகர்கிறது. ஆனால் இத்திரவம் நிறமற்றது. குமிழியின் விளிம்பு எளிதில் புலப்பட வேண்டும் என்பதற்காகவே அதில் பச்சை கலந்த மஞ்சள் சாயம் சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது இக்கருவிக்கு வெகுகாலமாகவே உள்ள தேவை என்பதை இதிலிருந்து அறியலாம்.

இதைக் கண்டுபிடித்தவர் மெல்கிசெடெக் தெவனோ என்னும் பிரெஞ்சு அறிஞர். 1661ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே கருவி அவர் கையில் இருந்தது என்பதைக் கிறிஸ்தியான் ஹைகன்ஸுடன் அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து காட்டுகிறது. லண்டனில் ராபர்ட் ஹூக்குக்கும் ஃபிளாரன்ஸில் வின்சென்ஸோ விவியானிக்கும் இதன் விவரங்களை அவர் அனுப்பினார். 1684இல் அவர் பிரெஞ்சு அரச நூலகத்தின் பொறுப்பை ஏற்றார். புத்தகங்களோடு வாழ்ந்த ஒருவரின் கண்டுபிடிப்பு கொத்தனாரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

புத்தகத்துக்கும் கட்டடத்துக்கும் உள்ள உறவு தமிழுக்குப் புதிதன்று. நன்னூலின் பாயிரம் நூல் என்ற பெயருக்கு விளக்கம் சொல்லும்போது தச்சனின் நூலைத் துணைக்கு அழைக்கிறது. மரத்தின் கோணலைத் தீர்க்க அந்த நூல் உதவுவதுபோல மனத்தின் கோணலைத் தீர்க்க இந்த நூல் உதவுகிறது என்பது அதன் கருத்து. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் வல்லுநர்கள் நண்பகலில் கோலின் நிழலைப் பார்த்துத் திசையைத் தெளிந்து, கயிறு பிடித்து அளக்கிறார்கள். இக்காட்சியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் வேலை உச்சி வெயிலில் நடக்கிறது. நேரும் மட்டமும் பார்ப்பதற்கு வெளிச்சம் முதல் நிபந்தனை.

இன்றைய கட்டடத்தில் மட்டம் பார்க்கும் இடங்களில் பல, வெயில் எட்டாதவை. அடித்தளத்து வாகன நிறுத்தம், மின்தூக்கிக்காக விடப்பட்ட குழி, குழாய்கள் இறங்கும் இடுக்கு, பொய்க்கூரையின் மேற்புறம், கம்பி இழுக்கப்படாத மாடிப்படி ஆகியவற்றைச் சொல்லலாம். எல்லாவற்றிலும் சிறியதும் இருண்டதும் குளியலறை. அங்கே கொத்தனாரின் வேலை இன்னும் நுட்பமானது. மற்ற அறைகளில் தரை மட்டமாக இருந்தால் போதும். குளியலறைத் தரைக்கு வாட்டம் வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் போலச் சரிந்து, தண்ணீர் வடிகாலைத் தேடிப் போக வேண்டும். மட்டத்திலிருந்து எவ்வளவு விலக வேண்டும் என்பதைத் துல்லியமாக அறிந்து விலகும் வேலை இது. குமிழியின் விளிம்பு கோட்டை எவ்வளவு தாண்டியிருக்கிறது என்பதை அரையிருளில் தவறாகப் படித்தால், அத்தவற்றின் விளைவைப் பல ஆண்டுகள் அனுபவிப்பவர் அவ்வீட்டில் குடியிருப்பவர். நாள்தோறும் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும் அவருக்கு, அதன் காரணம் என்றோ ஒரு நாள் அங்கே விளக்கு இல்லாததுதான் என்பது தெரிய வாய்ப்பில்லை.

கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். ஒரு கை ரசமட்டத்தைப் பிடித்திருக்கும். மறுகை கல்லைத் தட்டிக்கொண்டோ ஆப்பைச் செருகிக்கொண்டோ இருக்கும். மூன்றாவது கை யாருக்கும் இல்லை. ஆகவே செல்பேசியைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்கிறார்கள். சிறு டார்ச்சைப் பற்களில் கடித்துக்கொள்கிறார்கள். அப்படிப் பக்கவாட்டில் விழும் வெளிச்சம் குப்பியின் வளைந்த பரப்பில் பட்டுக் கூசும். குமிழியின் விளிம்போடு அதன் நிழலும் ஒரு கோடுபோலத் தெரியும். எதைப் படிப்பது என்ற குழப்பம் வரும். இன்னொரு சிக்கல் வெப்பம். குப்பியின் ஒரு முனை மட்டும் சூடேறினால் குமிழி சூடான பக்கம் நகரும். நில அளவையில் மிகத் துல்லியமாக மட்டம் எடுப்பவர்கள் தம் கருவிக்குக் குடை பிடிப்பது இதனால்தான். பழைய இழை பல்பை அருகில் கொண்டுபோவதில் இந்த ஆபத்து இருந்தது.

குப்பிக்குப் பக்கத்திலேயே சிறு எல்இடி விளக்கைப் பதித்துவிட்டால் இச்சிக்கல்கள் பெரும்பாலும் தீர்கின்றன. திரவம் உள்ளிருந்தே ஒளிர்கிறது. குமிழி தெளிவாகப் பிரிந்து தெரிகிறது. சூடு மிகக் குறைவு. இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தரும் எல்இடியை நிக் ஹோலோன்யாக் 1962இல் உருவாக்கினார். நீல எல்இடி 1990களில்தான் பிரகாசமாகக் கைவந்தது. அதற்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பெரிய ஆய்வுக்கூடங்களின் உழைப்பு குளியலறைத் தரையின் வாட்டம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. இதை நாங்கள் முழு மனத்துடன் வரவேற்கிறோம்.

லேசர் மட்டம் வந்துவிட்ட காலத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். லேசர் இருட்டில் நன்றாகவே வேலை செய்யும்; சொல்லப்போனால் இருட்டுதான் அதற்கு உகந்தது. அறை முழுவதற்கும் ஒரே கோட்டை அது இழுத்துத் தரும். ஆனால் அந்தக் கோடு சுவரின்மேல் விழும் ஒளி மட்டுமே. ஒரு கல் தன் இடத்தில் ஆடாமல் அமர்ந்திருக்கிறதா, அதன் பரப்பு மேடும் பள்ளமும் இல்லாமல் இருக்கிறதா என்பதைத் தொட்டுப் பார்க்கும் சட்டம்தான் சொல்லும். முக்காலி வைக்க இடமில்லாத இடுக்குகளிலும் ரசமட்டமே துணை. விலையும் இருக்கிறது. நாட்கூலிக்குப் போகும் ஒருவர் எளிதில் வாங்கக்கூடியது எது என்பதையும் சேர்த்தே கருவியை மதிப்பிட வேண்டும்.

இதுவரை சொன்னவை விளக்கின் தரப்பு. இனி நாங்கள் கவலைப்படும் இடத்துக்கு வருகிறோம்.

கருவிக்குள் வெளிச்சம் வைக்கும் முயற்சிக்கு ஒரு கசப்பான முன்வரலாறு உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் இருட்டில் படிக்கக்கூடிய கடிகாரங்களும் விமானக் கருவிகளும் தேவைப்பட்டன. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ஆரஞ்ச் நகரில் இளம்பெண்கள் அவற்றின் முகப்புகளில் ரேடியச் சாயத்தைத் தீட்டினார்கள். தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்ளும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. தாடை எலும்பு அழுகியும் புற்றுநோய் கண்டும் பலர் மாண்டார்கள். நோயுற்ற ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. கருவியைப் படிப்பவரின் வசதி கண்ணுக்குத் தெரிந்தது. தீட்டியவரின் உடம்பு யார் கண்ணிலும் படவில்லை.

இன்னொரு வரலாறு நம் பொருளுக்கு மேலும் நெருக்கமானது. 1812இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிப்பில் 92 பேர் இறந்தார்கள். அதையடுத்த ஆண்டுகளில் எழுந்த வேண்டுகோளின் பேரில் ஹம்ஃப்ரி டேவி 1815இல் பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். சுடரைச் சுற்றி மெல்லிய கம்பிவலை. சுடரின் சூடு வலையில் பரவித் தணிவதால் வெளியே உள்ள வாயு தீப்பற்றாது. நல்ல நோக்கமும் நல்ல அறிவியலும் சேர்ந்த படைப்பு அது. ஆனால் நடந்தது வேறு. வாயு மிகுந்ததால் கைவிடப்பட்டிருந்த பகுதிகளையெல்லாம், விளக்கு இருக்கிறதே என்ற துணிவில் உரிமையாளர்கள் மறுபடியும் தோண்டவைத்தார்கள். காற்றோட்டத்துக்குச் செலவிட வேண்டிய பணம் மிஞ்சியது. சுரங்க விபத்துகளை ஆராய்ந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு 1835இல், விளக்கு வந்த பிறகு அப்பகுதியில் சாவுகள் கூடியிருப்பதைச் சுட்டிக்காட்டியது. தொழிலாளியின் கையில் விளக்கைக் கொடுத்தவுடன் பாதுகாப்பின் பொறுப்பும் அவன் கைக்கே மாறிவிட்டது.

ஒளிரும் ரசமட்டம் யாரையும் கொல்லப்போவதில்லை. ஆனால் பொறுப்பு கைமாறும் முறை ஒன்றுதான். இவ்விளக்கு எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். குமிழியைக் காட்டுகிறது, இரண்டு கோடுகளைக் காட்டுகிறது. கொத்தனார் நிற்கும் சாரத்தின் பலகை விளிம்பை அது காட்டாது. சித்தாள் தலைச்சுமையோடு ஏறிவரும் கைப்பிடியற்ற படியைக் காட்டாது. மூடப்படாத குழியைக் காட்டாது. சுவர் கோணாமல் இருப்பதற்கு வேண்டிய அளவு ஒளி மட்டும் கருவிக்குள் வந்துவிட்டது. அதை வாங்கும் செலவும் பெரும்பாலும் வேலை செய்பவருடையதே. இருட்டில் வேலை நடந்தாலும் வேலை கெடாது என்றாகிவிட்ட பிறகு, தளத்தில் விளக்குப் போடுவதற்கு ஒப்பந்தக்காரருக்கு இருந்த கடைசிக் காரணமும் போய்விடுகிறது.

வெளிச்சம் என்பது சலுகையாகக் கேட்க வேண்டிய பொருளே அல்ல. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 17ஆம் பிரிவில், தொழிலாளர் வேலை செய்யும் இடத்துக்கு மட்டுமன்றி அவர்கள் நடந்துபோகும் இடத்துக்கும் போதிய வெளிச்சம் வேண்டும் என்றது. கட்டுமானத் தொழிலாளருக்கென 1996இல் தனிச் சட்டம் வந்தது. இவ்விரண்டையும் உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் போதிய வெளிச்சம் வேலையளிப்பவரின் கடமைகளில் ஒன்று. அமெரிக்க விதிகள் இன்னும் வெளிப்படையாக, பொதுவான கட்டுமான இடங்களில் குறைந்தது 5 ஃபுட்கேண்டில், அதாவது ஏறத்தாழ 54 லக்ஸ், வெளிச்சம் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கையாகவே சொல்லிவிடுகின்றன. எண்ணாகச் சொன்னால் அளக்கலாம், அளந்தால் கேட்கலாம்.

இன்னொரு மறுப்பும் உண்டு. முன்பு மேஸ்திரி மட்டம் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு பையன் விளக்குப் பிடிப்பான். பிடிக்கும் சாக்கில் அவர் கண் போகும் இடத்துக்கெல்லாம் அவன் கண்ணும் போகும். அப்படித்தான் தொழில் கைமாறியது. கருவியே ஒளிர்ந்தால் அந்தப் பள்ளி மூடப்படாதா என்பது அது. இதில் ஓரளவு உண்மை இருப்பதை மறுக்க முடியாது. ஆனால் கற்பதற்கு அருகில் நின்றால் போதும். விளக்குத்தண்டாக நிற்கத் தேவையில்லை. விளக்குப் பிடித்த கையில் அதே நேரத்தில் கரண்டி இருந்திருந்தால் அவன் இன்னும் விரைவில் கற்றிருப்பான். கற்பிக்கும் மனம் இருக்கும் மேஸ்திரிக்கு ஒளிரும் குமிழி இடையூறாக இராது. இருவரும் ஒன்றாகக் குனிந்து பார்க்க அது உதவவும் கூடும்.

ரசமட்டத்தை வாங்கும்போது செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. அதை ஒரு பரப்பில் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே இடத்தில் முனைகளை மாற்றித் திருப்பி வைக்க வேண்டும். இரண்டு முறையும் குமிழி ஒரே அளவைக் காட்டினால் கருவி நம்பத்தக்கது. பரப்பு மட்டமாக இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. ஒளிரும் ரசமட்டத்தையும் நாம் இப்படி இரண்டு பக்கமும் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறோம். வீட்டுக்காரர் பக்கமிருந்து பார்த்தால் சுவரும் தரையும் பிசகாமல் அமைகின்றன, நல்லது. வேலை செய்பவர் பக்கம் திருப்பி வைத்தால் அவர் காலடியில் இன்னும் இருட்டு இருக்கிறது. இரண்டு அளவும் ஒத்துப்போகும்வரை வேலை முடியவில்லை.

ஆகவே வீடு கட்டுவோரிடமும் கட்டித்தருவோரிடமும் நாங்கள் வைக்கும் வேண்டுகோள் எளியது. ஒளிரும் ரசமட்டத்தை வாங்குங்கள். அதைக் கொத்தனாரின் தலையில் கட்டாமல் வேலைச் செலவில் சேருங்கள். கூடவே படிக்கட்டுக்கும் சாரத்துக்கும் குளியலறைக்கும் தற்காலிக விளக்குகள் போடுங்கள். கம்பி இழுத்து நாலு விளக்கு மாட்ட ஆகும் செலவு, ஒரு குளியலறைத் தரையை உடைத்து மறுபடி போடும் செலவைவிடக் குறைவு. உடைந்த காலுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட வேண்டிய அவசியமே இல்லை.