துண்டுச் சோலைகளைக் காப்போம்: வால்பாறையிலிருந்து ஒரு வேண்டுகோள்

கோவை, பொள்ளாச்சி, உடுமலை மக்களையும் எஸ்டேட் நிர்வாகங்களையும் வால்பாறைவாசிகள் சிலர் கூடிக் கேட்டுக்கொள்வது இது: தேயிலைக்கு நடுவே மிஞ்சியிருக்கும் துண்டுச் சோலைகளில் இனி ஒரு மரமும் சாயக் கூடாது.

ஏன் என்பதை இங்குள்ள குளிரிலிருந்தே தொடங்கிச் சொல்கிறோம். மார்கழி, தை மாதங்களில் நட்சத்திரம் தெரியும் இரவில்தான் இந்த மலையில் குளிர் நடுக்கியெடுக்கும். மேகம் கவிந்த இரவில் அவ்வளவு இராது. பகலில் சூடேறிய தரை வெளிவிடும் வெப்பத்தை மேகமும் நீராவியும் வாங்கி, ஒரு பங்கைத் தரைக்கே திருப்பிவிடுகின்றன. கரியமில வாயுவும் மீத்தேனும் இதே வேலையை உலகெங்கும் இரவு பகலாகச் செய்கின்றன. இப்படி வெப்பத்தைப் பிடித்துவைக்க எதுவுமே இல்லையென்றால், பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் 15 டிகிரியிலிருந்து மைனஸ் 18-க்கு இறங்கியிருக்கும். உயிர்கள் தழைக்க உதவிய அதே வாயுக்கள் இப்போது அளவு மிஞ்சிவிட்டன. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

நிலக்கரியும் எண்ணெயும்தான் பெருங்காரணம். காடழிப்புக்கும் பங்குண்டு, அதில் வால்பாறையும் அடக்கம். கரியமில வாயு பெருகினால் பூமி சூடாகும் என்று சுவீடன் விஞ்ஞானி ஸ்வாந்தே அரேனியஸ் 1896-இல் கணக்கிட்டு வெளியிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் இங்கே மழைக்காட்டை வெட்டித் தோட்டங்கள் பரவத் தொடங்கின. மரங்கள் காலங்காலமாகச் சேர்த்திருந்த கரிமம் காற்றில் கலந்தது.

போனதில் ஒரு பகுதியையாவது மீட்க முடியும். சிதைந்த சோலைகளில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, எஸ்டேட்களின் துணையோடு நாட்டு மரக்கன்றுகளை நட்டுவருகிறது. தானாக வளர விட்ட இடங்களைவிட, இப்படி நட்டுப் பராமரித்த இடங்களில் மர வகைகளும் சேர்ந்த கரிமமும் கூடுதல் என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது.

எனவே எஸ்டேட்கள் நிழலுக்குச் சில்வர் ஓக்கை மட்டும் நம்பாமல் நாட்டு மரங்களையும் கலந்து நட வேண்டும். யூரியாவையும் அளவோடு இட வேண்டும்; செடி எடுத்துக்கொள்ளாத தழைச்சத்தில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகிறது. எடைக்கு எடை அது கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு வெப்பமூட்டும். விறகுக்குச் சோலைக்குள் போகும் தொழிலாளர் குடும்பங்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அவர்கள் வீட்டுக்குச் சிலிண்டர் தடையின்றி வரட்டும்.

சமவெளி மக்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. இந்த மலையின் நீராறும் சோலையாறும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் வழியே அவர்கள் வயலுக்குத்தான் பாய்கின்றன. காட்டுத்தீ மூளாமலிருக்க, மாசி, பங்குனியில் ஆழியாறு மலைப்பாதையில் வண்டியை நிறுத்திச் சமைப்பதையும், அணையாத பீடியை வீசுவதையும் அவர்கள் அறவே கைவிட வேண்டும்.