கோரிக்கை மனு: பெயர் இல்லாத கேன் காப்பகத்துக்குள் வரக் கூடாது

பெறுநர்: துறை இயக்குநர் அவர்கள் (வழி: மாவட்ட அலுவலர்)

பொருள்: அரசுக் காப்பகங்களில் லேபிள் இல்லாத ஆசிட், பினாயில், பிளீச்சிங் வகைகளைக் கொள்முதல் செய்வதையும், அவற்றை வேறு பாட்டில்களில் மாற்றி வைப்பதையும் நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. இதே பொருளில் எங்கள் முந்தைய மனுக்கள். 2. உச்ச நீதிமன்ற ஆணை, லட்சுமி எதிர் இந்திய ஒன்றியம், நாள் 18.07.2013.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

அரசு முதியோர் இல்லங்களிலும் அறிவுசார் குறைபாடுடையோர் காப்பகங்களிலும் பணிபுரியும் ஆயாக்கள், துப்புரவுப் பணியாளர்கள், சமையலர்கள், இரவுக் காவலர்கள் ஆகியோரின் பதிவு பெற்ற சங்கம் எங்களுடையது.

பார்வை 1-இல் கண்ட மனுக்களுக்கு 'பரிசீலனையில் உள்ளது', 'தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்பவற்றைத் தவிர வேறு பதில் வரவில்லை. ஆகவே அவற்றின் சாரத்தைத் திரும்பவும் எழுத வேண்டியுள்ளது. முதல் மனுவில் கொள்முதல் பற்றிச் சொல்லியிருந்தோம். கழிவறை ஆசிட்டும் பினாயிலும் ஐந்து லிட்டர் கேன்களில் வந்து இறங்குகின்றன. கேனில் தயாரித்தவர் பெயர் இல்லை, என்ன அமிலம், எத்தனை சதவீதம் என்ற விவரம் இல்லை, தேதியும் இல்லை. கேனிலிருந்து குடிநீர் பாட்டிலுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் மாற்றி, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, குளியலறை ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். தண்ணீரில் கலந்த பினாயில் மோர் நிறத்தில் இருக்கும். மறதி நோய் கண்ட ஒரு முதியவருக்கு, அதுவும் குடிக்கும் பாட்டிலில் இருந்தால், அது மோர்தான்.

இரண்டாவது மனுவில் பணியாளருக்கு நேரும் ஆபத்தை விளக்கியிருந்தோம். கழிவறைக்கு விற்கும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடரிலும் பிளீச்சிங் திரவத்திலும் இருப்பது ஹைப்போகுளோரைட். கறை போகவில்லை என்று ஒன்றின் மேல் மற்றொன்றை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் சாத்திய சிறு கழிவறையில் அது கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். காப்பகங்களுக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. படுக்கையிலும் தரையிலும் சிறுநீர் போகும் முதியோர் உள்ள இடத்தில், அதைத் துடைத்தெடுக்காமல் நேரே பிளீச்சிங் ஊற்றினால், சிறுநீரிலிருந்து வரும் அமோனியாவோடு சேர்ந்து குளோரமீன் வாயு உண்டாகும். ஆயாக்கள் பலரும் சொல்லும் கண்ணெரிச்சலையும் தொண்டைக் கமறலையும் 'தூசி அலர்ஜி' என்று எழுதிவிடுவது எளிது. கையில் உள்ள பாட்டிலில் ஆசிட்டா பிளீச்சிங்கா என்று தெரியாதவரிடம் 'இரண்டையும் கலக்காதே' என்று சொல்லி என்ன பயன்?

பணியாளர்களுக்கு ஒருநாள் பயிற்சி அளித்தால் போதும், ஆபத்தான பொருளை அவர்களே அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. பயிற்சியை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பயிற்சியும் முதலில் கற்றுத்தருவது லேபிளைப் படிக்கத்தான். லேபிளே இல்லாத இடத்தில் பயிற்சி பெற்றவரும் பெறாதவரும் ஒன்றே. அனுபவமுள்ளவர் நிறத்தைப் பார்த்தும் மோந்து பார்த்தும் சொல்லிவிடுவார் என்பதும் சரியல்ல. நிறம் தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம், நாளை மாறலாம். மோந்து பார்ப்பதோ ஆபத்தைத் தானே உள்ளிழுப்பது. அதோடு, குளோரின் நெடியில் சிறிது நேரம் நின்றால் மூக்குக்கு அது பழகிவிடும். நெடி குறைந்துவிட்டது என்று தோன்றும்போது வாயு குறைந்திருக்காது. யாராவது தவறிக் குடித்துவிட்டால் 108-இல் வருபவரும் மருத்துவரும் முதலில் கேட்பது 'என்ன குடித்தார்' என்பதைத்தான். 'பாத்ரூமுக்கு ஊற்றுவது' என்பதற்கு மேல் பதில் சொல்ல எங்களால் முடியாது. பதற்றத்தில் உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறார்கள். அமிலம் குடித்தவருக்கு அது உணவுக்குழாயை இரண்டாம் முறை எரிப்பதாகும். இதைத் தடுக்கும் ஒரு வரி எச்சரிக்கையும் லேபிளில் இருக்க வேண்டியதே.

இனி, பார்வை 2-ஐத் தங்கள் சிறப்புக் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். அமில வீச்சு வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, வாங்குபவரின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதாமல் சில்லறையில் ஆசிட் விற்கக் கூடாது என்றது. நாங்கள் சுட்டுவது அதன் அடுத்த பகுதியை. கல்வி நிறுவனங்கள், ஆய்வகங்கள், மருத்துவமனைகள், அரசுத் துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவை ஆசிட் வைத்திருந்தால், பயன்பாட்டுப் பதிவேடு வைத்து அதைக் கோட்ட நடுவரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பாதுகாப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். அவர் மேற்பார்வையில் மட்டுமே ஆசிட் இருக்க வேண்டும். மீறினால் உரிய நடவடிக்கை எடுக்கும் பொறுப்பு கோட்ட நடுவருடையது. 'அரசுத் துறைகள்' என்று ஆணையிலேயே இருக்கும்போது, துறை நேரடியாக நடத்தும் காப்பகம் அதற்கு வெளியே எப்படி நிற்கும்?

அந்த ஆணை அமில வீச்சைத் தடுக்க வந்தது, தரை கழுவுபவருக்காக அல்ல என்று வாதிடலாம். நோக்கம் எதுவானாலும் கடமை நிறுவனத்தின் மேல் விழுந்துவிட்டது. பூட்டிய அலமாரியும் பொறுப்பாளரும் முதியவரையும் ஆயாவையும் சேர்த்தே காக்கும். கழிவறை ஆசிட் வீரியம் குறைந்தது, ஆணைக்குள் வராது என்றும் ஒரு வாதம் உண்டு. வீரியம் குறைந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? சதவீதம் எழுதாத கேனைப் பற்றி அப்படிச் சொல்ல எவராலும் இயலாது. இந்த வாதம் நிற்க வேண்டுமானால் லேபிள் வேண்டும், அதாவது எங்கள் கோரிக்கையை முதலில் நிறைவேற்ற வேண்டும். மூன்றாவது, செலவு. குறைந்த விலைப்புள்ளி தந்தவரிடம்தான் வாங்க முடியும் என்கிறார்கள். விலைப்புள்ளி கோரும்போதே லேபிளை நிபந்தனையாக எழுதுவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

எனவே எங்கள் முதன்மைக் கோரிக்கை: பொருளின் பெயர், வீரியம், எச்சரிக்கைக் குறி, முதலுதவி ஆகியவை தமிழில் அச்சிடப்படாத எந்தத் துப்புரவு இரசாயனத்தையும் காப்பகம் பெற்றுக்கொள்ளக் கூடாது. மாற்றி ஊற்றும் ஒவ்வொரு பாட்டிலிலும் அதே விவரம் ஒட்டப்பட வேண்டும். குடிநீர், குளிர்பான பாட்டில்களை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. எழுத்தறியாத பணியாளருக்காக, அரிக்கும் பொருள், நச்சு, தீப்பற்றும் பொருள் ஆகியவற்றுக்கு உலகெங்கும் வழங்கும் சிவப்புச் சட்டப் படக்குறிகளும் இருக்க வேண்டும். பார்வை 2-இல் கண்ட பதிவேடும் பொறுப்பாளரும் ஒவ்வொரு காப்பகத்திலும் உடனே ஏற்பட வேண்டும்.

மேலும், ரப்பர் கையுறையும் காலணியும் ஆண்டுதோறும் வழங்கவும். பாதரச வெப்பமானிகளை அகற்றவும். எலி பேஸ்ட், பாச்சை உருண்டை ஆகியவற்றைச் சமையலறை இருப்பறையிலிருந்து நீக்கவும். கழிவறைகளில் காற்றுப்போக்கி பொருத்தவும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடவும். சலவைப்படியை உயர்த்தவும் கேட்டுக்கொள்கிறோம்.

இவற்றில் முதன்மைக் கோரிக்கைக்கு ஒரு சுற்றறிக்கை போதும்; நிதி ஒதுக்கீடு தேவையில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்பதைத் தவிர்த்து, ஆம் அல்லது இல்லை என்று காரணத்துடன் எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்

நகல்: வருவாய்க் கோட்டாட்சியர் (கோட்ட நடுவர்) அவர்களுக்கு. ஆசிட் பதிவேடு தாக்கலாக வேண்டிய அலுவலகம் அதுவே.