மூடுபனியில் முடுக்காதீர்!

வல்லத்துக்கும் விமானத்துக்கும் என்ன உறவு என்று கேட்பார் உண்டு. செஞ்சிச் சீமையிலே சேற்றில் இறங்கி நாற்று நடுபவனுக்கும், செங்கல் சுமப்பவனுக்கும், விமானி எந்த வானிலையில் தரையிறங்கலாம் என்ற விவகாரம் எதற்கு என்று ஏளனம் செய்வாரும் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: மீனம்பாக்கத்தில் வந்திறங்கும் விமானத்திலே சீமான்கள் மட்டுமா அமர்ந்திருக்கிறார்கள்? துபாயிலும் குவைத்திலும் வெயிலில் வெந்து, வீட்டுக்குப் பணம் அனுப்பி, ஈராண்டுக்கொரு முறை பிள்ளை முகம் பார்க்க வருகிறானே நம் தோழன், அவனும்தானே அமர்ந்திருக்கிறான்! ஆகவே, இது நம் வீட்டு விவகாரம்.

செய்தி இதுதான். மூடுபனியோ கனமழையோ ஓடுபாதையை மறைக்கும்போது, வானொலிக் கற்றையைப் பற்றிக்கொண்டு விமானம் இறங்குகிறது. சாதாரண முறையில், தரைக்கு மேல் 200 அடிக்கு வந்ததும் விமானி முடிவெடுத்தாக வேண்டும். ஓடுபாதை விளக்கு தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் மேலே எழும்பிவிட வேண்டும். ஓடுபாதையில் 550 மீட்டராவது பார்வை எட்ட வேண்டும் என்பதும் விதி. நம் ராஜகிரிக் கோட்டை ஏறத்தாழ 800 அடி உயரம். அதில் கால் பங்கு உயரத்திலே, மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்திலே, நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்துகொண்டு எடுக்கவேண்டிய முடிவு அது. அந்த 550 மீட்டரை விமானம் எட்டே விநாடியில் கடந்துவிடும்!

அதனால்தான் புதிதாகக் கேப்டன் ஆனவருக்குத் தனி வரம்பு வைத்தார்கள். அமெரிக்க நாட்டு விதியைப் பாருங்கள். அந்த வகை விமானத்தில் கேப்டனாக 100 மணி நேரம் பறந்திராதவர், விதிக்கப்பட்ட உயரத்தோடு இன்னும் 100 அடியும், பார்வைத் தொலைவோடு இன்னும் அரை மைலும் கூட்டிக்கொள்ள வேண்டும். மற்றவர் 200 அடியில் முடிவெடுத்தால், இவர் 300 அடியிலேயே எடுத்தாக வேண்டும். அடர்ந்த பனியில் இறங்கும் மூன்றாம் வகை முறைக்கோ, இங்கும் தனிப் பயிற்சி வேண்டும், தனி அனுமதி வேண்டும். கேப்டன் பட்டையோடு சேர்ந்து அது வந்துவிடுவதில்லை.

"சமத்துவம் பேசுகிறவர்களே, பட்டம் பெற்றவனுக்குள்ளும் பாகுபாடா?" என்று குறுக்குக் கேள்வி போடுவோர் வரட்டும். விடை சொல்லுகிறோம். இந்த விதி, உன் பாட்டன் யார் என்று கேட்கவில்லை. எத்தனை மணி நேரம் பறந்தாய் என்று கேட்கிறது. 100 மணி நேரம் முடிந்ததும், வந்த வழியே விலகிக் கொள்ளுகிறது. வருணம் போட்ட தடையோ, நூறு தலைமுறை உழைத்தாலும் விலகாத தடை! பிறவியைப் பார்ப்பது ஆணவம். பயிற்சியைப் பார்ப்பது அறிவு. அண்ணா நமக்குச் சொன்னாரே, கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று. அந்தக் கட்டுப்பாடு வானத்திலும் வேண்டும்.

கட்டுப்பாடு புதியவருக்கு மட்டும்தானா? பழையவருக்கும் உண்டு. 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் மாண்டனர். 2020 ஆகஸ்ட் 7 இரவு, கொட்டும் மழையில், கோழிக்கோட்டில் 21 பேர் மாண்டனர். இரண்டும் துபாயிலிருந்து பிழைக்கப் போனவர்களைச் சுமந்து வந்தவை. இரண்டிலும் கேப்டன் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். இரண்டிலும், "இறங்காதீர்கள், எழும்புங்கள்" என்று துணை விமானி குரல் கொடுத்தார் என்று விசாரணை அறிக்கைகள் கூறுகின்றன. மூத்தவர் செவியில் இளையவர் சொல் ஏறவில்லை!

ஆனால், பழியை மாண்டவர் தலையில் மட்டும் போட்டுவிட்டு நழுவ நிர்வாகத்தை விடமாட்டோம். கோழிக்கோட்டு அறிக்கையே சொல்கிறது: அங்கே போதிய கேப்டன்களை நிறுவனம் அமர்த்தவில்லை, மறுநாள் காலை விமானத்தையும் அவரே செலுத்த வேண்டியிருந்தது, எப்படியும் அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற உந்துதலுக்கு அது வழிவகுத்தது. ஆள் குறைப்பால் வந்த ஆபத்து என்று நாம் சொன்னால் குற்றமா?

2023 டிசம்பர் இறுதியில் டில்லியைப் பனி மூடிற்று. ஆண்டுதோறும் மூடுகிற பனிதான்! ஆயினும், அந்தப் பனியில் இறங்கப் பயிற்சி பெற்ற விமானிகளை ஏர் இந்தியாவும் ஸ்பைஸ்ஜெட்டும் பணிக்கு அமர்த்தவில்லை. விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் இரு நிறுவனங்களுக்கும் தலா 30 லட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. அதே மாதம், பனியால் தாமதம் என்று அறிவித்துக்கொண்டிருந்த விமானியை ஒரு பயணி பாய்ந்து அடித்தார். பயிற்சிக்குப் பணம் ஒதுக்காதவர்கள் அறையிலே. அடி வாங்கியவரோ வேலை பார்த்தவர். பஸ் தாமதமானால் கண்டக்டரை வையும் அதே பழக்கம், ஆகாயத்திலும் ஏறிவிட்டது!

நாம் கேட்பது மூன்று. பனிக் காலத்துக்கு முன்பே போதுமான விமானிகளுக்கு நிறுவனங்கள் தம் செலவில் பயிற்சி தரட்டும். வரம்பை மதித்து எழும்பிய விமானியை, எரிபொருள் கணக்குக் காட்டி எவரும் மிரட்டக் கூடாது. பயணியும், வேறு ஊரில் இறக்கப்பட்டால், தன் உயிர் காக்கப்பட்டது என்று உணர வேண்டும். உணவும் தங்குமிடமும் நிறுவனத்திடம் கேட்க வேண்டும், விமானியிடம் மல்லுக்கு நிற்கக் கூடாது.

நம் பங்கும் ஒன்று உண்டு. 2018 ஜனவரியில் போகிப் புகை பனியோடு கலந்து, சென்னை விமான நிலையத்தின் கண்ணையே கட்டியது. விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குப் போயின. பொங்கல் தமிழர் திருநாள், போற்றுகிறோம். டயரைக் கொளுத்துவது எந்தத் தமிழர் பண்பாடு? பொங்கலுக்கு வீடு திரும்பும் பிள்ளையின் வழியை, அவனை வரவேற்கக் காத்திருப்பவர்களே மறைப்பதா? பகுத்தறிவு பேசும் தோழர்கள், அடுத்த போகிக்கு முன் தெருத் தெருவாகச் சென்று இதை எடுத்துச் சொல்லட்டும்.