பாதிப் பங்கு பிள்ளையாண்டானுக்கு!

சில பேர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். நஞ்சுக்கொடி அதில் ஒன்று. மாசக்கணக்கில் ராப்பகலாக உழைத்துவிட்டு, குழந்தை பிறந்ததும் பின்னாடியே பேசாமல் வெளியேறுகிற உறுப்புக்கு 'நஞ்சு' என்று பேர்! எடை சுமார் அரைக் கிலோ. சாப்பாடு, ஆக்ஸிஜன் சப்ளையோடு ஹார்மோன் ஃபாக்டரியும் அதற்குள்ளேயே.

வேர் விட்ட கையோடு ஹெச்.சி.ஜி. என்றொரு ஹார்மோனை அனுப்பும். 'கடையை மூடாதே, ஆள் வந்தாச்சு' என்று சினைப்பைக்குத் தந்தி! டெஸ்ட்டில் கோடு விழுவது இதனால்தான். சினைப்பையும் புரொஜெஸ்டிரானைத் தொடர்ந்து சுரக்கும். பத்து வாரம் போனால் அந்த வேலையையும் நஞ்சுக்கொடியே எடுத்துக்கொள்ளும்.

வில்லங்கம் அடுத்ததில். பேர் லாக்டோஜென். (பால் பவுடர் இல்லை ஸார்!) இதுவும் கூட்டாளி ஹார்மோன்களும் சேர்ந்து அம்மாவின் இன்சுலினை மந்தமாக்கும். பி.காம். பாஷையில் சொன்னால், 'நீ செலவு பண்ணாதே, சர்க்கரையை வாரிசுக்கு ஒதுக்கு!' பெரும்பாலான அம்மாக்களின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். முடியாதவர்களுக்கு வருவதுதான் கர்ப்பகாலச் சர்க்கரை.

உடனே வீட்டில் விசாரணைக் கமிஷன். ''அன்னிக்கே சொன்னேன், அல்வாவா முழுங்கினா!'' கூண்டில் மருமகள். இந்தப் பேச்சுக்குப் பயந்தே டெஸ்ட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு.

மாமியார்களே, சாப்பாட்டில் கட்டுப்பாடு வேண்டியதுதான். ஆனால் நஞ்சுக்கொடி மருமகள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீர் இல்லை. கருவிலிருந்தே வளர்வது. அதன் மரபணுவில் பாதி உங்கள் பிள்ளையாண்டானுடையது!

டெஸ்ட்டும் சுலபம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கணும். 140-ஐத் தொட்டால் வைத்தியம். கவனிக்காமல் விட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துப் பிரசவம் சிக்கலாகலாம். பிறந்ததும் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம்.

நஞ்சுக்கொடி வெளியேறியதும் அம்மாவின் சர்க்கரை பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்காகக் கணக்கை முடித்துவிடக் கூடாது. பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். ஆறு வாரம் கழித்து ஒரு தடவை, அப்புறமும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளணும்.

டெஸ்ட்டுக்கு மருமகளோடு மாமியாரும் போகட்டும். மகனையும் இழுத்துக்கொண்டு. ஐம்பது சதவிகிதப் பார்ட்னர் ஆயிற்றே!